"பையனுக்குக் கல்யாணம், வீட்டைக் காலி பண்ணுங்க": ஒரு காரணத்தின் நூறு வருஷக் கதை

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

போன எபிசோடுல பொன்மலை ரயில்வே பணிமனை நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கு வந்த கதையைப் பேசினோம். அதைக் கேட்டுட்டு நிறைய பேர் கேட்டது ஒரே கேள்விதான். இத்தனை ஆயிரம் தொழிலாளர்கள் திடீர்னு வந்து இறங்கினா, எல்லாருக்கும் குவார்ட்டர்ஸ் கிடைச்சிருக்காதே, மிச்சப் பேர் எங்க குடியிருந்தாங்க? பதில் ரொம்ப சிம்பிள். வாடகைக்கு. அதனால இன்னைக்கு வாடகை வீட்டின் கதை. முழுக் கதையும் இல்லை, அதுல ஒரு சின்ன இழை மட்டும்.

நான் இருக்கிறது திருவெறும்பூர். எறும்பீஸ்வரர் மலைக்கோயில்மேல நின்னு சுத்திப் பார்த்தா, இந்த ஊர் ஏன் வாடகை ஊரா ஆச்சுன்னு புரிஞ்சிடும். 1960-களின் நடுவில் ஒரு பக்கம் பெல் வந்தது, இன்னொரு பக்கம் துப்பாக்கித் தொழிற்சாலை வந்தது, துவாக்குடியில் இன்ஜினியரிங் காலேஜ் வந்தது. அப்புறம் பெல்லுக்கு வேலை செய்து கொடுக்கிற ஃபேப்ரிகேஷன் யூனிட்டுகள், நவல்பட்டுல ஐடி பார்க். வேலைக்கு வர்றவங்களுக்கு வீடு வேணும். குவார்ட்டர்ஸ்ல முப்பது வருஷம் இருந்து ரிட்டயர் ஆனவர், பி.எஃப். பணத்தைப் போட்டுக் கீழே தனக்கு, மாடியில் வாடகைக்குன்னு கட்டுவார். இந்தப் பக்கத்து ஹவுஸ் ஓனர்ல நிறைய பேர் அப்படித்தான். பெரிய பணக்காரங்க இல்லை. இதை மனசுல வச்சுக்குங்க, பின்னாடி தேவைப்படும்.

வாடகைக்கு இருக்கிற எல்லாருக்கும் இந்த வசனம் தெரியும்: "தம்பி, பையனுக்குக் கல்யாணம் வச்சிருக்கோம், அடுத்த மாசத்துக்குள்ள காலி பண்ணிக் கொடுத்துடுங்க." சில நேரம் நிஜமாவே கல்யாணம்தான். சில நேரம் நாம காலி பண்ணி இருபது நாள்ல அதே கேட்டுல டு-லெட் போர்டு தொங்கும், வாடகை மூவாயிரம் ஏறியிருக்கும். கூட வேலை பார்க்கிற ஒருத்தருக்குப் போன வருஷம் இதுதான் நடந்தது. வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ், ஒரு மாசக் கெடு. அவர் சொன்ன வார்த்தை: "பொய்னு தெரியுது, ஆனா கேட்க முடியுமா?"

கேட்க முடியுமாங்கிற அந்தக் கேள்விக்குத்தான் வரலாறு இருக்கு. ஓனர் சொல்ற காரணம் உண்மையா பொய்யான்னு கேட்கிற உரிமை குடியிருக்கிறவருக்கு எப்போ வந்தது, யாருக்கு வந்தது, யாருக்கு வரலை?

முதல்ல, அப்படி ஒரு உரிமையே இல்லாத காலம். 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 106. மாச வாடகைக்கு இருக்கிற வீட்டுக்கு 15 நாள் நோட்டீஸ் போதும். காரணம் சொல்லவே வேண்டாம். காரணமே வேண்டாம்னா பொய்க் காரணத்துக்கும் அவசியம் இல்லை, இல்லையா? வெள்ளைக்காரன் எழுதின சட்டத்துல ஒரு விதத்தில் நேர்மை இருந்தது: எனக்கு வேணும், நீ போ. அவ்வளவுதான்.

ஆனா அதுக்குள்ளேயும் வக்கீல்கள் ஒரு ஓட்டையைக் கண்டுபிடிச்சாங்க. அந்த 15 நாள் நோட்டீஸ், வாடகை மாசம் முடியற நாளோடு சரியா முடியணும்னு சட்டம் சொன்னது. உங்க வாடகை மாசம் 5-ஆம் தேதி ஆரம்பிச்சா, நோட்டீஸ் 4-ஆம் தேதியோட முடியணும். ஒரு நாள் தள்ளிப் போட்டிருந்தா நோட்டீஸ் செல்லாது, வழக்கு தள்ளுபடி. நம்ம தொழில்ல லூப் எண்ணிக்கை ஒண்ணு கூடிப்போய் புரோகிராம் விழுமே, அதே கதை. இப்படி விழுந்த வழக்குகள் எவ்வளவோ. 2002 கடைசியில்தான் சட்டத்தைத் திருத்தி இந்த ஓட்டையை அடைச்சாங்க. 120 வருஷம் குடித்தனக்காரரைக் காப்பாத்தினதுல காலண்டருக்கும் ஒரு பங்கு உண்டு.

இனி கொஞ்சம் ஊரை விட்டு வெளியே போவோம். 1915, ஸ்காட்லாந்து, கிளாஸ்கோ. முதல் உலகப் போர். கப்பல் கட்டும் தளங்களுக்கும் ஆயுதத் தொழிற்சாலைகளுக்கும் ஆள் குவியறாங்க. ஆண்கள் பலர் போர்முனையில். வீட்டு உரிமையாளர்கள் வாடகையை ஏத்தறாங்க, கொடுக்காதவங்களை வெளியேத்த ஆள் அனுப்பறாங்க. கோவன் என்கிற பகுதியில் மேரி பார்பர் என்கிற பெண் மத்தப் பெண்களைத் திரட்டினார். காலி பண்ண வர்ற அமீனாவைப் பார்த்ததும் மணியடிப்பாங்க. தெருப் பெண்கள் எல்லாம் வந்து படிக்கட்டை அடைச்சு, கோதுமை மாவை அள்ளி வீசுவாங்க. அந்த வருஷம் நவம்பர்ல சுமார் 20,000 குடும்பங்கள் வாடகை கொடுக்க மறுத்தன. 17-ஆம் தேதி நீதிமன்றத்துக்குப் பெரிய ஊர்வலம் போனது. ஆயுதம் செய்யறவங்க வேலையை நிறுத்திடுவாங்களோன்னு அரசாங்கம் பயந்தது. அடுத்த மாசமே வாடகையைப் போருக்கு முந்தைய அளவில் நிறுத்தி வைக்கிற சட்டம் வந்தது.

இதை ஏன் சொல்றேன்னா, வாடகைக் கட்டுப்பாடு யாரோ ஏழைகளுக்கு இரக்கப்பட்டுக் கொடுத்த தானம்னு ஒரு எண்ணம் இருக்கு. அப்படி இல்லை. அது போர்க்காலத் தொழிற்சாலை ஊர்ல பிறந்தது. திருவெறும்பூர் மாதிரி ஒரு ஊர்ல.

அங்கிருந்து இந்தச் சிந்தனை கப்பல் ஏறி வந்தது. பம்பாயில் 1918, கல்கத்தாவிலும் ரங்கூனிலும் 1920. சென்னை மாகாணம் கொஞ்சம் வேற பாதையில் போனது. இங்கே 1921-ஆம் வருஷத்துச் சென்னை நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் வீட்டைப் பத்திப் பேசலை, மனையைப் பத்திப் பேசினது. அடுத்தவர் மனையில் வாடகை கொடுத்து, மேலே தன் காசுல வீடு கட்டிக்கிட்டவங்களைத் திடீர்னு போகச் சொல்ல முடியாது. கட்டடத்துக்கு நஷ்டஈடு கொடுக்கணும், இல்லேன்னா அந்த மனையையே வாங்கிக்கிற உரிமை குடியிருப்பவருக்கு உண்டு. அடிமனை ஒருத்தருக்கு, மேல்கட்டடம் இன்னொருத்தருக்கு. பின்னாளில் இந்தச் சட்டம் திருச்சி உள்ளிட்ட ஊர்களுக்கும் விரிந்தது. ஸ்ரீரங்கத்துக்காரங்க இப்பவே நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீங்க. வரேன், அங்கேயும் வரேன்.

வீட்டுக்கு வந்த பாதுகாப்பு இரண்டாம் உலகப் போரோட பரிசு. 1941-ல இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் சென்னை மாகாண வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. அடுத்த வருஷமே, 1942 ஏப்ரல்ல ஜப்பான் குண்டு போடும்னு பயந்து சென்னையிலிருந்து மக்கள் கூட்டம் கூட்டமா உள்ளூர்களுக்குக் கிளம்பினாங்க. வர்றவங்க கூடினா வாடகை ஏறும், ஏற்கெனவே இருக்கிறவரைக் கிளப்பணும்னு ஓனருக்குத் தோணும். போர் முடிஞ்சதும் இந்த ஆணைகளுக்குப் பதிலா 1946-ல முழுச் சட்டமே கொண்டுவந்தாங்க. 1949-ல அதைப் புதுப்பிச்சாங்க, 1960-ல மறுபடியும். அந்த 1960 சட்டம்தான் நம்ம அப்பா அம்மா காலம் முழுக்க இருந்தது.

இந்தச் சட்டங்களின் முகவுரையிலேயே நோக்கம் இருக்கு: வாடகைக்கு விடுவதை ஒழுங்குபடுத்துவது, வாடகையைக் கட்டுப்படுத்துவது, நியாயமற்ற வெளியேற்றத்தைத் தடுப்பது. மூணாவதுதான் நமக்கு. 'நியாயமற்ற'னு ஒரு சொல் வந்துட்டா, நியாயம் எதுன்னு பார்க்க ஒரு ஆள் வேணும். அந்த ஆளுக்குப் பேர் ரென்ட் கன்ட்ரோலர். திருச்சியில் மாவட்ட முன்சீப் கோர்ட்டே அந்த வேலையைப் பார்த்தது. வழக்குக்கு ஆர்.சி.ஓ.பி. நம்பர் விழும். பழைய வக்கீல் குமாஸ்தாக்கள் இன்னைக்கும் அந்த நாலெழுத்தைச் சொன்னாலே ஒரு பெருமூச்சு விடுவாங்க.

இப்போ 1960 சட்டத்தின் பத்தாவது பிரிவுக்குள்ள போவோம். எனக்கு இது நல்லா எழுதின ஒரு கோட் மாதிரி தெரியும். எழுதினவர் ஏமாத்தறவரோட மூளையில் உட்கார்ந்து யோசிச்சிருக்கார்.

முதல் கட்டு: ஓனரின் நோட்டீஸுக்குத் தானாக எந்தச் சக்தியும் கிடையாது. ரென்ட் கன்ட்ரோலர் உத்தரவு இல்லாம யாரையும் வெளியே அனுப்ப முடியாது. அதுவும் சட்டம் சொன்ன காரணங்களுக்கு மட்டும்தான்: வேணும்னே வாடகை பாக்கி வச்சது, அனுமதியில்லாம உள்வாடகைக்கு விட்டது, வீட்டைச் சேதப்படுத்தினது, இப்படி. இதுல 1979-ல உச்ச நீதிமன்றம் ஒரு படி மேலே போனது. தனபால் செட்டியார் எதிர் யசோதை அம்மாள்னு நம்ம தமிழ்நாட்டு வழக்கு. ஏழு நீதிபதிகள் அமர்வு. வாடகைச் சட்டத்தின் கீழ் வெளியேத்தணும்னா பிரிவு 106 நோட்டீஸ் அவசியமே இல்லைன்னு சொன்னாங்க. முதல் பார்வைக்கு இது ஓனருக்குச் சாதகம் மாதிரி தெரியும், அந்தக் காலண்டர் ஓட்டை போச்சே. ஆனா உள்ளே பாருங்க: நோட்டீஸ் அனுப்பினா வாடகை உறவு முடிஞ்சதுன்னு அர்த்தமே இல்லை, கோர்ட் உத்தரவுதான் முடிக்கும். வக்கீல் நோட்டீஸைப் பார்த்துப் பயந்து ராத்திரியோட ராத்திரியா டெம்போ பிடிச்சவங்க எத்தனை பேர்!

இரண்டாவது கட்டு: "எனக்கே வீடு வேணும்"னு ஓனர் சொன்னா, அந்தக் கோரிக்கை நேர்மையானதுன்னு கன்ட்ரோலருக்குத் திருப்தி வரணும். சட்டத்தில் இருந்த லத்தீன் சொல் போனஃபைடி. கோர்ட் வராந்தாவில் அது 'போனபைடு' ஆகிடுச்சு. "போனபைடு இல்லைன்னு கவுன்ட்டர் போடு" என்பது ஒரு முழு வாக்கியம். கடை விஷயத்தில் இந்த நேர்மைச் சோதனை பொருந்துமா பொருந்தாதான்னு ஒரு குழப்பம் இருந்தது. 1988-ல ஹமீதியா ஹார்டுவேர் ஸ்டோர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்து வச்சது: கடைக்கும் பொருந்தும், வேணும்னு ஆசைப்படறது போதாது, தேவை உண்மைன்னு காட்டணும்.

அப்போ கேள்விகள் எப்படி இருக்கும்? பையனுக்குக் கல்யாணமா, பத்திரிகை எங்கே? பையன் எந்த ஊர்ல வேலை பார்க்கிறான்? இதே ஊர்ல உங்களுக்கு வேற வீடு காலியா இருக்கா? மூணு மாசம் முன்னாடி வாடகையை ஏத்திக் கேட்டீங்களே, குடியிருக்கிறவர் ஒத்துக்கலைன்னதும் இந்தத் தேவை வந்ததா? இந்தக் கடைசிக் கேள்விதான் பல வழக்குகளின் உயிர். வாடகை உயர்த்திக் கேட்ட கடிதம், அதுக்கு மறுப்பு, அதுக்கு அடுத்த வாரம் காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ். தேதிகளை வரிசையா அடுக்கினா காரணம் தானே வெளியே வந்துடும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஓனர் அதே கட்டடத்தில் ஒரு பகுதியில் இருந்துகிட்டு, கூடுதல் இடம் வேணும்னு மாடிப் போர்ஷனைக் கேட்டா, கன்ட்ரோலர் தராசு பிடிக்கணும். குடியிருப்பவருக்கு வர்ற கஷ்டம் ஓனருக்குக் கிடைக்கிற வசதியைவிட அதிகமா இருந்தா மனுவைத் தள்ளுபடி செய்யணும். மாடிப் போர்ஷன் ஊரான நமக்கு இது எவ்வளவு நெருக்கமான சட்டம்னு பாருங்க.

மூணாவது கட்டுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. பிரிவு 10, உட்பிரிவு 5. சொந்தத் தேவைன்னு சொல்லி வீட்டை வாங்கின ஓனர், ஒரு மாசத்துக்குள்ள அங்கே குடிவரலைன்னாலோ, வந்துட்டு ஆறு மாசத்துக்குள்ள தகுந்த காரணமில்லாம காலி பண்ணினாலோ, வெளியேத்தப்பட்டவர் மனு போட்டு வீட்டைத் திரும்பக் கேட்கலாம். அதாவது டு-லெட் போர்டே சாட்சி. பொய்யை முன்கூட்டிக் கண்டுபிடிக்க முடியாம போகலாம், ஆனா பொய்க்குப் பலன் இல்லாம பண்ணலாம் என்கிற யோசனை. இடிச்சுக் கட்டப் போறேன்னு சொல்றவருக்கும் இதே மாதிரி கட்டு: ஒரு மாசத்துக்குள்ள இடிக்க ஆரம்பிப்பேன், மூணு மாசத்துக்குள்ள இடிச்சு முடிப்பேன்னு எழுதிக் கொடுக்கணும். ஆரம்பிக்கலைன்னா பழையவர் திரும்ப வரலாம்.

இடிக்கிற காரணத்தில் ஒரு பெரிய சண்டை நடந்தது. சென்னை அண்ணா சாலையில் மணிக்கூண்டு வச்ச பழைய கடிகாரக் கடை பி.ஆர் அண்ட் சன்ஸ் பலருக்குத் தெரிஞ்சிருக்கும். அந்தக் கம்பெனி வாடகைக்கு இருந்த கட்டடத்தை இடிச்சுக் கட்டணும்னு ஓனர் கேட்ட வழக்கு. 1991-ல பதிவான தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், கட்டடம் உடனே இடிக்க வேண்டிய நிலையில் இருந்தாத்தான் அந்தக் காரணம் செல்லும்னு குடியிருப்பவர் பக்கம் சாய்ந்தது. ஐந்து வருஷம் கழிச்சு, 1996-ல விஜய் சிங் வழக்கில் அரசியல் சாசன அமர்வு அதைத் தளர்த்தினது: கட்டடம் இடிஞ்சு விழற நிலையில் இருக்கணும்னு அவசியமில்லை, ஆனா ஓனரின் நோக்கம் நேர்மையானதா, கட்டடத்தின் வயசும் நிலையும் என்ன, கட்டப் பணம் இருக்கா, எல்லாத்தையும் சேர்த்துப் பார்க்கணும். எனக்கு ரெண்டாவது தீர்ப்புதான் நியாயமா படுது. ஓட்டு வீட்டை மாடி வீடாக்க நினைக்கிறது குத்தமா என்ன? ஆனா பேங்க்ல பணமும் கிடையாது, பிளான் அப்ரூவலும் கிடையாது, இடிக்கிறேன்னு மட்டும் சொன்னா அது வேற.

ஓனர்களும் சும்மா இருக்கலை. ஒரு பழைய தந்திரம்: வாடகையை வாங்க மறுக்கிறது. மூணு மாசம் வாங்காம இருந்துட்டு, வாடகை பாக்கின்னு மனு போடுவாங்க. சட்டம் அதையும் யோசிச்சிருந்தது. வாங்க மறுத்தா, எந்த பேங்க்ல போடணும்னு பத்து நாள்ல சொல்லச் சொல்லி எழுதணும். சொல்லலைன்னா மணியார்டர் பண்ணணும், மணியார்டர் கமிஷனைக் கழிச்சுக்கலாம். அதையும் திருப்பி அனுப்பினா கன்ட்ரோலர்கிட்டே கட்டணும். கமிஷனை யார் தரணும்னு வரைக்கும் எழுதின சட்டம் அது! பாக்கி வச்சதெல்லாம் 'வேணும்னே' வச்சதாகாது. ரெண்டு மாச நோட்டீஸ் கொடுத்தும் கட்டலைன்னாத்தான் அப்படி எடுத்துக்கணும்னு சட்டத்திலேயே விளக்கம் இருந்தது. 1985-ல சுந்தரம் பிள்ளை வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை விரிவாப் பேசினது.

இப்போ அந்த ரிட்டயர்டு பெல் ஊழியரை ஞாபகப்படுத்திக்கிறேன். அவர் பக்கமும் கதை இருக்கு. 1946 சட்டத்தில் 'நியாய வாடகை' எதை வச்சுக் கணக்குப் போட்டாங்க தெரியுமா? 1940 ஏப்ரல் 1-க்கு முந்தைய பன்னிரண்டு மாசத்தில் அந்தத் தெருவில் இருந்த வாடகையை அடிப்படையா வச்சு. போர் முடிஞ்சது, நாடு சுதந்திரம் வாங்கினது, அரிசி விலை எங்கேயோ போனது, அளவுகோல் மட்டும் 1940-லேயே நின்னது. 1973-ல கட்டடம், மனை மதிப்பை வச்சு, வீட்டுக்கு வருஷத்துக்கு 9 சதவீதம், கடைக்கு 12 சதவீதம்னு கணக்கை மாத்தினாங்க. அப்புறம் கோர்ட் இழுத்தடிப்பு. உண்மையிலேயே பையனுக்குக் கல்யாணம் வச்சிருந்தவர் வழக்கு முடியறதுக்குள்ள பேரன் பேத்தி எடுத்திருப்பார். அதனால ஓனர்கள் பொய் சொல்லக் கத்துக்கிட்டாங்க, பெரிய அட்வான்ஸ் கேட்டாங்க, பதினொரு மாசத்துக்கு மேல அக்ரிமென்ட் போடாம இருந்தாங்க. அந்தப் பதினொரு மாசத்துக்குக் காரணம் வேற: ஒரு வருஷத்துக்கு மேல் போனா குத்தகையைப் பதிவு செய்யணும்னு பதிவுச் சட்டம் சொல்லுது, அந்தச் செலவைத் தவிர்க்கத்தான். பொய்க்கு ஓனரின் பேராசை மட்டும் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். உண்மையான தேவைக்கே பத்து வருஷம் வாய்தா வாங்க வச்ச அமைப்புக்கும் பங்கு இருக்கு.

சரி, இந்தப் பாதுகாப்பு யாருக்கு இல்லாம போச்சு? இதுதான் திருச்சிக்காரங்களுக்கு முக்கியமான பகுதி.

முதல்ல, சட்டம் நகராட்சிகளுக்குத் தானாகப் பொருந்தும். மத்த ஊர்களுக்கு அரசு அறிவிக்கணும். ஸ்ரீரங்கம் 1994-ல மாநகராட்சியோடு சேர்றதுக்கு முன்னாடியே தனி நகராட்சி. திருவெறும்பூர் 2011-லதான் மாநகராட்சிக்குள்ள வந்தது. உங்க உரிமை உங்க வீட்டு முகவரியைப் பொறுத்து மாறும். அப்புறம், மாசம் 400 ரூபாய்க்கு மேல வாடகை கொடுத்தா அந்த வீட்டுக்குப் பாதுகாப்பு இல்லைன்னு ஒரு விதி இருந்தது. கடைக்கு அப்படி வரம்பு கிடையாது! 1986-ல ரத்தன் ஆர்யா வழக்கில் உச்ச நீதிமன்றம் இது சமத்துவத்துக்கு விரோதம்னு அடிச்சு எறிஞ்சது. விலைவாசி ஏறின பிறகு 400 ரூபாய் வாடகைக்காரரைப் பணக்காரர்னு சொல்ல முடியாதே.

மூணாவது விலக்கு கோயில். 1976 ஆகஸ்ட்ல ஒரு அரசாணை: இந்து, கிறிஸ்தவ, முஸ்லிம் சமய அறக்கட்டளைகளுக்கும் பொது அறக்கட்டளைகளுக்கும் சொந்தமான கட்டடங்களுக்கு வாடகைச் சட்டம் பொருந்தாது. கோயில் கடையில் நூறு வருஷத்துக் குறைஞ்ச வாடகையில் உட்கார்ந்துகிட்டு, வெளியே அதை உள்வாடகைக்கு விட்டுச் சம்பாதிச்சவங்க உண்டு, மறுக்க முடியாது. 1985-ல கந்தசாமி செட்டியார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த அரசாணையை ஏத்துக்கிட்டது. அடுத்து, அந்த 1921 மனைச் சட்டம். 1996-ல அமலான திருத்தம் சமய நிறுவனங்களின் மனைகளை அதிலிருந்தும் எடுத்துடுச்சு. கபாலீஸ்வரர் கோயில் மனையில் இருந்த மயிலாப்பூர் கிளப் எதிர்த்துப் போனது. 2005-ல உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும்னு சொல்லிடுச்சு.

மயிலாப்பூர் கிளப்பும் ஸ்ரீரங்கத்துல ஒரு தனி வீடும் ஒண்ணா? ஸ்ரீரங்கம் ஊரே கோயில் மதில்களுக்குள்ள இருக்கு. சித்திரை வீதி, உத்திர வீதியில் தலைமுறை தலைமுறையா குடியிருக்கிறவங்களுக்குக் காலடியில் இருக்கிற மனை யாருதுங்கிற சர்ச்சை, அடிமனைப் பிரச்சினைன்னு, பல வருஷமா ஓடுது. அந்த வீட்டுப் பாட்டிகளிடம் 'வாடகைதாரர்'னு சொல்லிப் பாருங்க, என்ன பதில் வருதுன்னு. கோயில் சொத்து கோயிலுக்குப் போகணும்னு சொல்றவங்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனா ஒரே வரியில் எல்லாருக்கும் விலக்குன்னு எழுதும்போது, உள்வாடகை வியாபாரியும் பூக்கட்டுற குடும்பமும் ஒரே தட்டில் விழறாங்க. நேர்மையான தேவையான்னு கேட்கிற கேள்வியே அங்கே எழாது.

இப்போ நம்ம காலம். 2017-ல தமிழ்நாடு ஒரு புதுச் சட்டம் இயற்றினது: நில உரிமையாளர்கள், வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகளை ஒழுங்குபடுத்தும் சட்டம். 2019 பிப்ரவரி 22 முதல் அமல். அன்னைக்கே 1960 சட்டம் போச்சு. நியாய வாடகை போச்சு, எனக்குப் பிடிச்ச அந்த 10(5)-உம் அதோடு போச்சு. வாடகை என்பது இனி ரெண்டு பேரும் எழுதிக்கிற ஒப்பந்தம். எழுத்து ஒப்பந்தம் கட்டாயம், துணை ஆட்சியர் நிலையிலான வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யணும், அரசு இணையதளத்தில் பதிவு எண் கிடைக்கும். அட்வான்ஸ் பத்தியும் ஒப்பந்தத்தில் வேற மாதிரி எழுதலைன்னா மூணு மாச வாடகைதான். பத்து மாச அட்வான்ஸ் கொடுத்தவங்க இப்போ சிரிக்க வேண்டாம்.

காரணம் சொல்லணுங்கிற கொள்கை மட்டும் செத்துப் போகலை. வாடகை பாக்கி, அனுமதியில்லாம வேற ஒருத்தருக்குக் கொடுத்தது, தவறாப் பயன்படுத்தினது, இடிச்சுக் கட்டறது, ஓனருக்கோ குடும்பத்துக்கோ தேவைன்னு காரணங்களை வச்சு ஓனர் வாடகை நீதிமன்றத்துக்குப் போகணும். மனு வந்தா எதிர்மனு போடலாம், சாட்சி கேட்கலாம். ஆனா புதுசா ஒரு கண்ணி இருக்கு: எழுத்து ஒப்பந்தம் போடலைங்கிறதே வெளியேத்தறதுக்கு ஒரு காரணம். அதனால பொய்க் கல்யாணம் எதுக்கு? ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காம இழுத்தடிச்சா போதும். பழைய காலத்தில் வாடகையை வாங்க மறுத்த தந்திரம் இப்போ கையெழுத்துப் போட மறுக்கிற தந்திரமா மாறியிருக்கு. இதுக்காகத்தான் நண்பர்கள்கிட்டே திரும்பத் திரும்பச் சொல்றேன்: ஒப்பந்தம் முடிய ரெண்டு மாசம் இருக்கும்போதே புதுப்பிக்கச் சொல்லி எழுத்துல கேளுங்க, ஓனர் போன்ல சொன்னாலும் வாட்ஸ்அப்ல பதில் போட்டு வைங்க.

கேட்பவர்களிடமிருந்து வந்த ரெண்டு கேள்வியோட முடிக்கிறேன். காட்டூர்லேர்ந்து ஒருத்தர்: "வாடகையை ஜிபேல அனுப்பினா ஓனர் திருப்பி அனுப்பறார், என்ன பண்றது?" அந்தத் திருப்பி அனுப்பின ஸ்கிரீன்ஷாட்டைப் பத்திரமா வைங்க, அடுத்த மாசமும் அனுப்புங்க, அப்பவும் வாங்கலைன்னா வாடகை அதிகாரியிடம் கட்டலாம், புதுச் சட்டத்திலும் வழி இருக்கு. மணியார்டர் போய் ஜிபே வந்திருக்கு, அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொருத்தர், துவாக்குடியில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற மாணவி: "வெளியே போயிட்டு வந்தா பூட்டை மாத்திட்டாங்க, கரண்டையும் பிடுங்கிட்டாங்க." கரண்ட், தண்ணியை நிறுத்தறது 1960 சட்டத்திலும் தப்பு, இப்பவும் தப்பு. வாடகை அதிகாரியிடம் மனு போட்டா இணைப்பைத் திரும்பக் கொடுக்க உத்தரவிட முடியும். பூட்டை மாத்தினதுக்கு இன்னொரு கதவும் இருக்கு. குறிப்பிட்ட நிவாரணச் சட்டம், 1963, பிரிவு 6. சட்டப்படி இல்லாம ஒருத்தரை வெளியேத்தினா, சொத்து யாருதுங்கிற கேள்விக்கே போகாம, அவரைத் திரும்ப உள்ளே விடச் சொல்லி வழக்குப் போடலாம். கெடு ஆறு மாசம். இன்னைக்கே ஒரு வக்கீலைப் பாருங்க தங்கச்சி. கையில காசு இல்லைன்னா மாவட்ட நீதிமன்ற வளாகத்துல சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கு, பெண்களுக்கு அங்கே வக்கீல் இலவசம்.

அடுத்த எபிசோடுல ஒத்தி. பணத்தைக் கொடுத்துட்டு வாடகையில்லாம குடியிருக்கிற அந்தக் கணக்கு எங்கேருந்து வந்ததுன்னு பார்ப்போம்.